காணாமற்போன இரண்டு இதழ்கள்



கல்வியைப் பற்றி எழுதுகின்ற ஓர் ஆசிரியன் படகு இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று சிலர் வியக்கக்கூடும். காரணம் உண்டு. 'குறைநீக்கல் நடவடிக்கை' என்று நாம் நாள் பாடத்திட்டத்தில் எழுதி வருகிறோம் அல்லவா? அந்தச் சொல்லுக்கு நான் கண்ட மிகத் தெளிவான விளக்கம் எனக்கு ஒரு படகுத்துறையில்தான் கிடைத்தது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த கோட்பாடுகளை அங்கே ஒரு முதியவர் தம் கைகளால் செய்து காட்டினார். பொறுமையாகப் படித்து வாருங்கள்.

கடல்நீர் குடிக்கும் இயந்திரம்

மகிழுந்தின் இயந்திரத்தைக் குளிர்விக்க முன்புறத்தில் ரேடியேட்டரும் ஓடும்போது வீசும் காற்றும் உள்ளன. படகின் அடிவயிற்றில் அடைபட்டுக் கிடக்கும் டீசல் இயந்திரத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனைக் குளிர்விப்பது கடல்நீரே. படகின் அடிப்பகுதியில் ஒரு துளை இருக்கும். அதற்கு ஒரு வால்வு உண்டு. அதன் வழியாக உள்ளே வரும் கடல்நீர் முதலில் வடிகட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து பம்பு அதனை இழுத்து வெப்பமாற்றிக்குள் தள்ளுகிறது. வெப்பமாற்றியின் உள்ளே மெல்லிய குழாய்கள் பல அடுக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தைச் சுற்றிவந்த நன்னீர் தன் சூட்டை அங்கே கடல்நீரிடம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. சூடேறிய கடல்நீர் புகையோடு கலந்து படகின் பின்புறமாக வெளியேறுகிறது.

இத்தனைக்கும் மூலமாக இருப்பது அந்தப் பம்பின் உள்ளே சுழலும் 'இம்பெல்லர்' என்னும் சிறிய ரப்பர்ச் சக்கரம். சிறிய இயந்திரங்களில் அது ஒரு குழந்தையின் உள்ளங்கையில் அடங்கிவிடும். நடுவில் ஒரு குடம். அதைச் சுற்றிப் பூவிதழ்களைப்போல் பெரும்பாலும் ஆறு தடித்த இதழ்கள். பம்பின் உட்சுவர் முழு வட்டமாக இராது. ஒரு பக்கம் சற்று மேடிட்டிருக்கும். சுழலும் இதழ்கள் அந்த மேட்டைத் தொடும்போது வளைகின்றன. இடம் குறுகுவதால் நீர் வெளியே தள்ளப்படுகிறது. மேட்டைக் கடந்ததும் இதழ்கள் நிமிர்கின்றன. இடம் விரிவதால் புதிய நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. வளைவதும் நிமிர்வதுமே அதன் தொழில். அது தள்ளுகின்ற நீரே அதற்கு மசகாகவும் இருக்கிறது. நீரின்றிச் சுழன்றால் உராய்வின் சூட்டில் இதழ்கள் விரைவிலேயே கருகிப் பிய்ந்துவிடும்.

ரப்பர் என்றதும் நம் மக்களுக்குப் பால்மரக் காடு நினைவுக்கு வருவது இயல்பு. பேரா மாநிலத்தின் கோலகங்சாரில் 1877ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அந்த மரத்தை நம்பித்தான் நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் இந்நாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்தார்கள். ஆனால், இந்தச் சக்கரம் பெரும்பாலும் பால்மரத்தின் ரப்பரால் செய்யப்படுவதில்லை. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும். அதனால் 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் உருவான நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். "காலமெல்லாம் பால்மரம் வெட்டின வீட்டுப் பிள்ளை நான், கடைசியிலே பால் இல்லாத ரப்பரோடதான் என் பிழைப்பு" என்று என் சித்தப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்.

சித்தப்பா லூமுட் கடற்படைத் தளத்தில் இயந்திரப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இப்பொழுது டிண்டிங் ஆற்றங்கரையில் ஒரு சிறு பட்டறை வைத்துப் படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். 2024ஆம் ஆண்டு டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் நான் அவர் இல்லத்தில் சில நாள்கள் தங்கியிருந்தேன். அவருடைய மகள், அதாவது என் தங்கை, பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவளுடைய மகன் அப்போது நான்காம் ஆண்டு மாணவன். வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன் என்று வீட்டில் அனைவரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தனர். புத்தகத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்கின்ற அந்தப் பிள்ளை, தாத்தாவின் பட்டறையில் மட்டும் காலை முதல் மாலை வரை அசையாமல் நிற்பான்.

கண் எட்டாத இடத்தில் கை

ஒருநாள் பிற்பகல் ஒரு மலாய்க்காரப் பெரியவர் தம் படகை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து துறையில் கட்டினார். தூண்டில்காரர்களை ஏற்றிக்கொண்டு பங்கோர், செம்பிலான் தீவுகளின் பக்கம் செல்லுகின்ற படகு அது. சூடு மிகுந்துவிட்டதாக எச்சரிக்கை மணி அடிக்கிறது. பின்புறம் கொட்டவேண்டிய நீர் நூலாக வடிகிறது. மறுநாள் விடியலில் ஆறு பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள். டீசலும் நிரப்பியாகிவிட்டது. பயணம் நின்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விடுமுறைக் காலத்து வருமானத்தை நம்பி வாழும் குடும்பம். பெரியவரின் முகம் வாடியிருந்தது.

சித்தப்பா உடனே பம்பைக் கழற்றவில்லை. முதலில் வால்வைப் பார்த்தார், திறந்தே இருந்தது. வடிகட்டியைத் திறந்தார், சிறிது பாசி, அவ்வளவே. எளியதை முதலில் பார்த்து முடித்த பிறகே, "பம்புதான்" என்றார். இயந்திரம் ஆறும்வரை காத்திருந்து, கடல்நீர் வால்வை மூடி, இயந்திரத்தின் சாவியை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சாவி என் பையிலே இருக்கிற வரைக்கும்தான் யாரும் உள்ளே கை விடலாம்" என்று பேரனிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

சிக்கல் இனிமேல்தான். அந்தப் பம்பு பெல்ட்டினால் சுழல்வது. பெல்ட் ஓடும் சக்கரம் முன்புறம் இருப்பதால், நாம் திறக்கவேண்டிய மூடி பின்புறமாக, இருட்டை நோக்கி இருக்கிறது. அந்தப் பக்கம் படகின் தடுப்புப் பலகை நெருக்கி நிற்கிறது. தலை நுழையாது, கண் எட்டாது, கை மட்டும் மணிக்கட்டுவரை போகும். மூடியில் ஆறு சிறு திருகாணிகள். அவற்றை விரலால் தடவித்தான் எண்ண முடியும்.

சித்தப்பா ஒரு பழைய துண்டைப் பம்பின் அடியில் பரப்பினார். "தாத்தா, காந்தம் இருக்கே! விழுந்தா எடுத்துக்கலாமே?" என்றான் பையன். "இது பித்தளை ஆணிடா. காந்தம் இதைத் தொடாது. விழுந்துட்டா படகோட அடியிலே எண்ணெய்த் தண்ணிக்குள்ளே போயிடும். அதனாலே விழறதுக்கு முன்னாலேயே துண்டை விரிக்கணும்" என்றார்.

குட்டைத் திருப்புளியால் ஒரு திருகாணியை முயன்று பார்த்தார். திருப்புளி நேராக நிற்க இடமில்லை. சாய்ந்து சாய்ந்து வழுக்கியது. இரண்டாம் முறை வழுக்கியதும் அவர் நிறுத்திக்கொண்டார். "இங்கேயே கிடந்து மல்லுக்கட்டினா ஆணியோட தலை தேஞ்சு போகும். அப்புறம் யாராலேயும் கழற்ற முடியாது. பம்பையே கழற்றி மேசைக்குக் கொண்டு போவோம்" என்றார்.

பம்பை இயந்திரத்தோடு பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டுகள். அவற்றோடு ஒரு பெல்ட், இரண்டு ரப்பர்க் குழாய்கள். கழற்றுவதற்கு முன் கைப்பேசியால் பல கோணங்களில் படம் எடுக்கச் சொன்னார். எந்தக் குழாய் எந்த வாய்க்கு உரியது என்று தெரிய, ஒன்றில் சிவப்பு ஒட்டுநாடாவும் மற்றதில் மஞ்சளும் சுற்றச் செய்தார். மேல் போல்ட் எளிதில் வந்துவிட்டது. கீழ்ப் போல்ட்டை நீண்ட ஸ்பேனரால் நெகிழ்த்தி மட்டுமே விட முடிந்தது. அதனை விரலால் சுழற்றி எடுக்க அவருடைய பருத்த விரல்களுக்கு இடம் போதவில்லை. பையனுடைய கை போகும்.

உடனே பையனை உள்ளே அனுப்பிவிடவில்லை. அதே அளவுள்ள ஒரு போல்ட்டையும் நட்டையும் மேசைமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கழற்றச் சொன்னார். பிறகு அதையே தலைகீழாகப் பிடித்துக் கழற்றச் சொன்னார். பின்பக்கமாகக் கை விடும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும் அல்லவா? நான்கைந்து முறை பழகி, விரல் தடுமாறாமல் திருப்பியதைக் கண்ட பிறகுதான், "இப்போ போ" என்றார். பையன் குப்புறப் படுத்துக் கையை விட்டான். சிறிது நேரத்தில் போல்ட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு எழுந்தான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு என்று நாம் படித்த கற்பித்தல் விதி, எந்த ஏடும் இல்லாமல் அங்கே நடந்தது.

ஆறில் நான்கு

மேசைக்கு வந்த பம்பின் மூடி சில நிமிடங்களில் திறந்துவிட்டது. இம்பெல்லர் தண்டோடு இறுகியிருந்தது. இரண்டு திருப்புளிகளை இருபுறமும் கொடுத்து நெம்புவது பலருடைய வழக்கம். சித்தப்பா அதைச் செய்யவில்லை. மூடி அமர்கின்ற விளிம்பு கீறிப்போனால், புதிய கேஸ்கட் போட்டாலும் அங்கே நீர் கசியும், காற்றும் புகும். அதற்கென்றே உள்ள இழுப்பானை மாட்டி, திருகைச் சிறிது சிறிதாக இறுக்கி வெளியே எடுத்தார். சக்கரத்தைத் துடைத்துப் பேரன் கையில் கொடுத்து, "எண்ணு" என்றார்.

"நாலு இதழ்தான் இருக்கு, தாத்தா. ரெண்டைக் காணோம்."

படகுக்காரர் புதிய இம்பெல்லரை வாங்கி வைத்திருந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புதியதைப் போட்டு மூடிவிடலாமே என்று அவர் கேட்டார். அவர் அவசரம் அவருக்கு. சித்தப்பா மறுத்துவிட்டார். "முதல்ல அந்த ரெண்டு இதழும் வரட்டும்" என்றார்.

ஏனெனில், பிய்ந்துபோன இதழ் மறைந்து போவதில்லை. நீர் அதனை அடித்துக்கொண்டு போய் வழியில் எங்கே குறுகுகிறதோ அங்கே கொண்டு சேர்த்திருக்கும். புதிய சக்கரம் முழு வலுவோடு சுழன்றாலும் பழைய துண்டு வழியை அடைத்திருக்கும்வரை நீர் போதிய அளவு போகாது, சூடு குறையாது. அப்போது மனிதர்கள் புதிய சக்கரத்தைத்தான் குறை சொல்வார்கள்.

தேடல் தொடங்கியது. பம்பிலிருந்து போகும் குழாயின் வளைவில் ஒரு முழு இதழ் கிடைத்தது. மற்றொன்று அங்கே இல்லை. வெப்பமாற்றியின் முன்மூடியைக் கழற்றியபோது, மெல்லிய குழாய்களின் வாயில் மூன்று துண்டுகள் அப்பிக்கொண்டிருந்தன. பையன் அவற்றையெல்லாம் மேசைமேல் வைத்து, பழைய குடத்தைச் சுற்றிப் படப்புதிர் சேர்ப்பதுபோல் பொருத்திப் பார்த்தான். ஓர் ஓரத்தில் நகத்தளவு இடம் காலியாக இருந்தது. "இன்னும் ஒண்ணு இருக்கு, தாத்தா" என்றான். படகுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தச் சிறு துண்டுக்காகத் தோட்டத்துக் குழாய் நீரை வெப்பமாற்றியின் மறுமுனையிலிருந்து, அதாவது வழக்கமான ஓட்டத்திற்கு எதிர்த்திசையில், பாய்ச்சினார்கள். கீழே வைத்த வாளியில் பாசியோடும் உப்புப் பொருக்கோடும் அந்தத் துண்டும் வந்து விழுந்தது. பையன் அதை எடுத்துக் காலி இடத்தில் வைத்தான். பொருந்தியது.

அதன் பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. விளிம்பில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட் சுரண்டப்பட்டது. புதிய சக்கரத்திற்குக் கிளிசரின் தடவி, சுழலும் திசைக்கேற்ப இதழ்கள் பின்னோக்கி வளையுமாறு திருகித் திருகி உள்ளே அழுத்தினார். மூடி, போல்ட், பெல்ட், சிவப்புக் குழாய், மஞ்சள் குழாய். வால்வைப் பேரன் திறந்தான். சாவி பையிலிருந்து வெளியே வந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் படகின் பின்புறம் நீர் சளசளவெனக் கொட்டியது. புதிய சக்கரத்தை உள்ளே போட ஆன நேரம் பத்து நிமிடம் இருக்கலாம். துண்டுகளைத் தேடியெடுக்க ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் ஆனது.

பயிற்சி நூல்களும் ஒரு தாளும்

அன்றிரவு என் தங்கை பிள்ளையின் புத்தகப் பையைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். நான்காம் ஆண்டுத் தமிழ்ப் பயிற்சி நூல்கள் மூன்று; கருத்துணர்தல் நூல் ஒன்று; கட்டுரைத் தொகுப்பு ஒன்று. வாரத்தில் இரண்டு இடங்களில் துணைப்பாட வகுப்பு. "அண்ணே, இன்னும் என்ன நூல் வாங்கணும்னு சொல்லுங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மூன்று மணி நேரத்திற்கு முன்பு கேட்ட சொல் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. நான் எந்த நூலையும் திறக்கவில்லை. ஒரு வெற்றுத்தாளை எடுத்து உயிர்மெய் எழுத்துகளை வரிசை மாற்றிக் கலந்து எழுதினேன். "மருமகனே, நீ தாத்தாவுக்கு இதழ் எண்ணிக் கொடுத்தாயே, இதிலே எந்தெந்த எழுத்து உன்னிடம் இருக்கிறது, எது காணாமற்போயிற்று என்று நாம் இரண்டு பேரும் எண்ணுவோமா?" என்று கேட்டேன். தேர்வு என்றால் ஓடியிருப்பான். எண்ணுவது என்றதும் உட்கார்ந்தான்.

ககரம் முதல் னகரம்வரை அகரமும் ஆகாரமும் தடையின்றி வந்தன. இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் தயக்கத்தோடு வந்தன. ஐகாரம் வந்தது. கொம்பு போட்ட எழுத்துகளில்தான் அவன் நின்றுவிட்டான். 'கெ' என்பதற்கும் 'கே' என்பதற்கும் அவனுக்கு வேறுபாடு தெரியவில்லை. 'கொ' என்பதை ஒரே எழுத்தாகப் பார்க்காமல் ஒரு கொம்பையும் ககரத்தையும் ஒரு காலையும் தனித்தனியாகப் பார்த்தான். எகர ஏகார வரிசையும் ஒகர ஓகார வரிசையும் அவனிடம் இல்லை. இவ்விரண்டும் இல்லாமல் ஒரு தமிழ்ப் பத்தியை எப்படி வாசிப்பது? ஒவ்வொரு வரியிலும் இரண்டு மூன்று முறை தடுக்கி விழுவான், பிறகு ஊகித்துச் சொல்வான், வகுப்பு சிரிக்கும், புத்தகத்தை மூடிவிடுவான்.

அந்த இரண்டு இதழ்களும் எங்கே பிய்ந்தன என்பதை அறிய நெடுநேரம் ஆகவில்லை. அவன் 2021ஆம் ஆண்டில் முதலாம் ஆண்டு படித்தவன். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டும் திறக்கப்பட்டும் கழிந்த ஆண்டு அது. வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அக்காளுக்கு வகுப்பு நடக்கும் வேளையில் தம்பிக்கு வகுப்பு இல்லை. கொம்பு எழுத்துகள் கற்பிக்கப்பட்ட வாரங்கள் அவனுக்கு அப்படியே போய்விட்டன. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால், அதன்மேல் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு நூல்களை அடுக்கிக்கொண்டே வந்ததுதான் நடந்தது. அத்தனையும் புதிய இம்பெல்லர்கள்! வழியோ அடைபட்டே கிடந்தது.

தங்கை ஒரு துணைப்பாட வகுப்பை நிறுத்தினாள். அந்த நேரத்தில் நாள்தோறும் பதினைந்து நிமிடம், அவ்விரு வரிசைகள் மட்டும். சித்தப்பா தம் பங்குக்கு ஒன்று செய்தார். பட்டறையில் பெயரில்லாமல் கிடந்த தகரப் பெட்டிகளுக்கெல்லாம் பேரனைக்கொண்டு தமிழில் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டச் செய்தார். பெல்ட், போல்ட், கேஸ்கட், ஹோஸ், கொக்கி... எழுதிப் பார்த்தால் தெரியும். எல்லாம் கொம்பு எழுத்துகள்! 'பெல்ட்' என்று எழுதிய பெட்டியில் போல்ட் இருந்தால் தாத்தா திட்டுவார். எழுத்துக்கு ஒரு பயன் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை அங்கே கண்டுகொண்டான்.

2025ஆம் ஆண்டின் நடுவில் அவனை மீண்டும் பார்த்தேன். ஐந்தாம் ஆண்டுப் பாடநூலிலிருந்து ஒரு பத்தியை வாசித்துக் காட்டினான். வேகம் போதாது; லகர ளகரங்களில் இன்னும் தடுமாற்றம் உண்டு. ஆனால், ஊகிக்கவில்லை. எழுத்தைப் பார்த்து வாசித்தான். தெரியாத சொல்லில் நின்றான். தானே திரும்பிப் போய்ச் சேர்த்துப் படித்தான். ஒதுங்கி ஓடவில்லை.

நம் வகுப்பறைகளில்

பிள்ளை இயந்திரமல்லன், நான் அறிவேன். இதழைப்போல் ஒரு மாலைப்பொழுதில் மாற்றிவிடக் கூடியது அன்று கல்வி. எனினும், சித்தப்பாவின் வேலைமுறையில் நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை இருக்கின்றன.

முப்பது மாணாக்கர் உள்ள வகுப்பில், நின்ற இடத்திலிருந்தே ஒரு பிள்ளையின் குறையை நீக்க முயல்வது, எட்டாத இடத்தில் திருப்புளியைச் சாய்த்துப் பிடிப்பதற்கு ஒப்பானது. திரும்பத் திரும்ப வழுக்கினால் ஆணியின் தலை தேய்கிறது. பிள்ளையிடத்தில் தேய்வது தன்னம்பிக்கை. ஓய்வு வேளையில் பத்து நிமிடம் ஆசிரியர் மேசைக்கு அழைத்து, மற்றவர் பார்வையின்றி உட்கார வைத்துப் பார்த்தால், எந்த எழுத்தில் அல்லது எந்த வாய்பாட்டில் நிற்கிறான் என்பது தெரிந்துவிடும். அப்படிப் பார்க்கும்போதும் கீறிவிடாமல் பார்க்க வேண்டும். "இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு சொல் போதும், அதன் பிறகு நாம் என்ன வைத்து மூடினாலும் அங்கே கசிந்துகொண்டேதான் இருக்கும்.

வகுப்புசார் மதிப்பீட்டில் நாம் பிள்ளைகளுக்கு அடைவுநிலை எண் தருகிறோம். 'நிலை 2' என்று எழுதிவிட்டால் நான்கு இதழ்தான் இருக்கிறது என்று சொன்னதாகும். எந்த இரண்டு இல்லை, அவை எந்த ஆண்டில் நின்றுபோயின என்பதையும் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளையை ஏற்கும் ஆசிரியருக்கு அது பேருதவியாக இருக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சி நூலை வாங்குவதற்கு முன், வகுப்பாசிரியரிடம் போய், "என் பிள்ளை எங்கே நிற்கிறான் ஐயா?" என்று கேளுங்கள். "பின்தங்கியிருக்கிறான்" என்னும் விடையோடு திரும்பிவிடாதீர்கள். எந்த எழுத்து, எந்தக் கணக்கு என்று கேட்டு அறியுங்கள். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஆகின்ற நேரம் வீண் நேரமன்று.